வலது கன்னத்துப் பொட்டு

அன்று காலை அனுசியா பிள்ளைகள் இரண்டுக்கும் பொட்டு வைத்தாள். பெரியவளுக்கு இடது கன்னத்தில், சின்னவளுக்கு வலது கன்னத்தில். கண்ணேறு படாமலிருக்க வைக்கிற பொட்டு எல்லா வீட்டுப் பிள்ளைகளுக்கும் உண்டு. அந்த வீட்டில் அதற்கு இன்னொரு வேலையும் இருந்தது. பொட்டு அழிந்துவிட்டால் எது யார் என்று பெற்ற தகப்பனுக்கே தெரியாது. ஒருமுறை மாரிச்செல்வம் ஒருத்திக்கே இரண்டு தடவை சொட்டு மருந்தை ஊட்டிவிட்டு, மற்றவள் சமர்த்தாகக் குடித்துவிட்டாள் என்று சொல்லிக்கொண்டிருந்தான். பெரியவளுக்கு இடது காதுக்குப் பின்னால் கடுகு மாதிரி ஒரு மச்சம் உண்டு. குளிப்பாட்டித் துடைத்ததும் காதை மடக்கி அந்த மச்சத்தைப் பார்த்துவிட்டுத்தான் அனுசியா மைக்கிண்ணத்தில் விரலை வைப்பாள்.

அதற்குப் பிறகு எந்தக் காலையும் அப்படிச் சாதாரணமாக விடியவில்லை.

முந்தைய நாள் சாயங்காலம் சங்கரபாண்டியன் வந்திருந்தான். அனுசியாவுக்குப் பெரியப்பா மகன். அருப்புக்கோட்டையில் இருந்துகொண்டு, இந்தப் பக்கம் படம் எடுக்க வருகிறவர்களுக்கு ஆள், மாட்டுவண்டி, பழைய வீடு என்று கேட்டதெல்லாம் பிடித்துக் கொடுப்பது அவன் தொழில்.

“தங்கச்சி, ரெட்டப் பிள்ளைன்னா சினிமாக்காரவுகளுக்கு உசுரு. ஒண்ணு அழுதா இன்னொண்ண வச்சு எடுத்துருவாக. கைப்பிள்ளைய ரொம்ப நேரம் லைட்டு முன்னால வைக்கக் கூடாதுல்ல. மதுரையில இருந்து வரவேண்டிய ரெட்டைக்கு ரெண்டுக்கும் காய்ச்சலாம். எல்லாரும் கையப் பிசைஞ்சுக்கிட்டு நிக்கிறாக.”

“எம் பிள்ளைகளுக்கு இப்பத்தான் தலையே நின்னுருக்கு. அதுக என்னண்ணே நடிக்கும்?”

“ஒண்ணும் நடிக்க வேணாம். பெறக்குற சீனு. அழுதாப் போதும். கூடவே ஒரு நர்ஸம்மா இருப்பாக. நீயும் பக்கத்துலயே நின்னுக்க.”

ஷேர் ஆட்டோவைத் துடைத்துக்கொண்டிருந்த மாரிச்செல்வம் அங்கிருந்தே கேட்டான். “மச்சான், தகப்பன் வேசத்துக்கு ஆளு இருக்கா?”

“ஒம் மூஞ்சிக்குத் தகப்பன் வேசமா மாப்ள? ஆட்டோவத் திருடிட்டு ஓடுறவன் வேசம் ஒண்ணு இருக்கு, வாரியா?”

எல்லோரும் சிரித்தார்கள். சிரித்ததோடு சரி என்றும் ஆகிவிட்டது. சங்கரபாண்டியன் கேட்டு இல்லை என்று சொல்லும் வழக்கம் அந்த வீட்டில் கிடையாது. அனுசியாவின் பிரசவத்துக்கு ராத்திரியோடு ராத்திரியாகக் கார் பிடித்து வந்தவன் அவன்.

திருச்சுழி தாண்டி, காய்ந்து கிடந்த கண்மாய் ஓரம், சீமைக்கருவேலத்தை வெட்டித் தள்ளிவிட்டு ஒரு குடிசை போட்டிருந்தார்கள். தூரத்தில் பார்த்தால் மண்சுவர். கிட்டே போனால் பலகையில் அப்பிய காகிதம். எம்.ரெட்டியபட்டியிலிருந்து ஆட்டோவிலேயே போனார்கள். மாரிச்செல்வத்தின் தங்கை ஜெகதீஸ்வரியும் ஒரு பிள்ளையைத் தூக்கிக்கொள்ள உடன் வந்தாள்.

மேக்கப் போடுகிறவர் வயசாளி. கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு வந்து, பஞ்சை எண்ணெயில் நனைத்து, முதல் வேலையாக இரண்டு பிள்ளைகளின் கன்னத்தையும் துடைத்தார்.

“ஐயா, பொட்டு!” என்றாள் அனுசியா.

“இப்பத்தான் பொறக்கப்போற பிள்ளைக்கு யாரும்மா அதுக்குள்ள பொட்டு வச்சது? வயித்துக்குள்ள கண்ணாடி இருந்துச்சா?”

ஜெகதீஸ்வரி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அனுசியாவும்தான் சிரித்தாள்.

விழித்திருந்தவள் சின்னவள். அவள் உடம்பில் தேங்காயெண்ணெயும் வெண்ணெய் மாதிரி எதையோ கொஞ்சமும் தடவி, பீட்ரூட் சாற்றைத் தொட்டுத் தொட்டு வைத்தார்கள். சற்று நேரத்தில் அவள் அன்றைக்குப் பிறந்தவளாக ஆகிவிட்டாள். துணியை எடுத்ததுமே வீறிட்டாள். அதுதான் அவர்களுக்கு வேண்டியிருந்தது. காமெரா ஓடியது, பாயில் கிடந்த நடிகை கையை நீட்டி வாங்கினாள், “கட்” என்றது ஒரு குரல். நர்ஸம்மா துண்டோடு ஓடிவந்து பிள்ளையைச் சுருட்டி அனுசியாவின் மடியில் போட்டுவிட்டாள். வெந்நீரில் துடைத்துவிட்டால் பழைய சின்னவள். கண்ணீர் காய்வதற்கு முன்னால் சிரிக்கிறவள் அவள். ஆட்டோச் சாவியை ஆட்டினால் போதும்.

“இம்புட்டுத்தானா சினிமா?” என்றான் மாரிச்செல்வம்.

பிறகுதான் அஷ்வினி வந்தாள். இயக்குநரின் உதவியாளர், சென்னைப் பெண். அனுசியாவுக்கு முன்னால் மண்ணில் குந்தி உட்கார்ந்தாள்.

“அக்கா, அடுத்தது தூங்குற பாப்பா வேணும். இன்னொரு பாப்பாவுக்கு நல்லாப் பால் குடுத்துருங்க. அவ அசந்ததும் எடுக்கலாம்.”

“தூங்குற சீனா?”

அஷ்வினி மண்ணைக் கிள்ளினாள். “கதையில அந்தக் குழந்தை தவறிடுதுக்கா.”

அனுசியா பெரியவளை மார்போடு அணைத்துக்கொண்டு எழுந்துவிட்டாள். “ஏங்க, வண்டிய எடுங்க. போவோம்.”

சங்கரபாண்டியன் ஓடிவந்தான். அவன் முகத்தைப் பார்த்ததும் அவனுக்கு இது முன்பே தெரியும் என்று புரிந்தது. மாரிச்செல்வம் இவளைப் பார்ப்பதும் அவனைப் பார்ப்பதுமாக நின்றான். “பிள்ளைய வச்சு இப்பிடியா மச்சான்?” என்று மட்டும் கேட்டான். யாரும் யாரையும் அதட்டவில்லை. அஷ்வினிதான் எழுந்து அனுசியாவின் முழங்கையைத் தொட்டாள்.

“அக்கா, உங்க பயம் எங்களுக்கும் உண்டு. செத்த மாதிரி நடிச்சவங்கள நாங்க அப்படியே வீட்டுக்கு அனுப்பமாட்டோம். எவ்வளவு பெரிய நடிகரா இருந்தாலும் சரி, கடைசியில எழுந்து காமெராவப் பார்த்து ஒருதடவ சிரிக்கணும். அதையும் எடுத்துட்டுத்தான் விடுவோம். அது படத்துல வராது. ஆனா எடுத்தாத்தான் அந்தச் சாவு பொய்யாகும். பாப்பா முழிச்சதும் அவளையும் சிரிக்க வச்சு எடுத்துருவோம். நான் பொறுப்பு.”

அனுசியாவைத் தடுத்து நிறுத்தியது அந்தப் பேச்சுதான். இவர்கள் எதற்கும் பயப்படாதவர்களாக இருந்திருந்தால் அவள் கிளம்பியிருப்பாள். தன்னைப் போலவே பயப்படுகிறவர்கள், அதற்கு ஒரு வழியும் வைத்திருக்கிறவர்கள் என்றதும் உட்கார்ந்து ரவிக்கையைத் தளர்த்தினாள்.

ஒரு கைப்பிள்ளை தூங்குவதற்காக அத்தனை ஆம்பளைகள் மூச்சுக் காட்டாமல் காத்திருந்ததை ஜெகதீஸ்வரி பின்னால் ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தாள். ஜெனரேட்டர் வண்டியைத் தள்ளி நிறுத்தினார்கள். செல்போனை அணைத்தார்கள். இருமல் வந்தவர் கண்மாய்க்கரையைத் தாண்டிப் போய் இருமிவிட்டு வந்தார். பெரியவள் மெல்லக் கண் செருகினாள். மேக்கப்காரர் அவள் முகத்தில் வெளிறிய பொடியை ஒற்றினார். உதட்டில் லேசாக நீலம். மூச்சு விடுவது தெரியக்கூடாது என்று நெஞ்சைச் சுற்றித் துண்டை மடித்து மடித்துத் தளர்வாக வைத்தார்கள். பாயில் கிடத்திவிட்டு ஒவ்வொருவராகப் பின்னுக்கு நகர்ந்தார்கள்.

அனுசியாவை ஒரு சின்னத் திரைக்கு முன்னால் நிறுத்தியிருந்தார்கள். காமெரா பார்ப்பது அதில் தெரியும்.

அதில் தெரிந்தது அவள் பிள்ளை இல்லை. செத்துப்போன ஒரு பிள்ளை.

நடிகை அதன்மேல் குனிந்து மார்பில் அறைந்துகொண்டாள். ஆனால் கை நெஞ்சில் படவில்லை. வாயைத் திறந்து கதறினாள். ஆனால் சத்தம் வரவில்லை. பிள்ளை முழித்துவிடக் கூடாதே. ஒப்பாரியைப் பிறகு சேர்த்துக்கொள்வார்களாம். கண்ணீர் கொட்டுகிறது, கழுத்து நரம்பு புடைக்கிறது, சுற்றி நிற்கும் பெண்கள் தலையைப் பிடித்துக்கொண்டு வாயைத் திறக்கிறார்கள், ஒரு சின்ன ஓசை இல்லை. அனுசியாவுக்குத் தன் காது அடைத்துப்போனதுபோல் இருந்தது. திரையில் பிள்ளையின் மூக்கைப் பார்த்தாள். அசையவில்லை. வயிற்றைப் பார்த்தாள். துண்டு. கையைப் பார்த்தாள். தூங்கும்போது பெரியவள் கட்டைவிரலை மடக்கி வைத்திருப்பாள். இந்தக் கை விரிந்து கிடந்தது.

எப்போது ஓடினாள் என்று தெரியாது. விளக்குக் கம்பத்தில் இடித்துக்கொண்டு போய் விழுந்து பிள்ளையின் மூக்கில் விரலை வைத்தாள். சூடான மூச்சு வந்தது. அதன் பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது, அதுவும் சத்தமில்லாமல்.

யாரும் திட்டவில்லை. “எடுத்தவரைக்கும் போதும்” என்றார் இயக்குநர். மிச்சத்துக்கு ரப்பர் பொம்மை ஒன்றை அதே துண்டில் சுற்றிக் கிடத்தினார்கள். தள்ளி நின்று பார்த்தால் அதுவும் பெரியவள் மாதிரியேதான் இருந்தது.

உதட்டு நீலத்தை நர்ஸம்மா துடைத்தெடுத்தாள். பெரியவள் முழிக்கவில்லை. கன்னத்தைத் தட்டினார்கள், பாதத்தைச் சுரண்டினார்கள், முகத்தைச் சுளித்துவிட்டு மறுபடி தூங்கினாள். வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. அனுசியாவின் ரவிக்கை பாலில் நனைந்து வியர்வையோடு ஒட்டிக்கொண்டது. இரண்டு பிள்ளைகளையும் ஜெகதீஸ்வரியிடமும் புருஷனிடமும் கொடுத்துவிட்டு, மாற்றிக்கொள்ள வேனுக்குள் போனாள்.

ரவிக்கைக் கொக்கியைப் போடும்போது வெளியே கைதட்டல் கேட்டது. இறங்கி வந்தாள். மாரிச்செல்வம் பிள்ளையைக் காமெராவுக்கு நேராகத் தூக்கிப் பிடித்திருந்தான். பக்கத்தில் சங்கரபாண்டியன் ஆட்டோச் சாவியை ஆட்டிக்கொண்டிருந்தான். பிள்ளை பொக்கை வாயைத் திறந்து காமெராவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது. சுற்றி நின்ற அத்தனை பேர் முகத்திலும் அந்தச் சிரிப்பு ஒட்டியிருந்தது.

“பாத்தியா! அழகாச் சிரிச்சுட்டா. எல்லாம் முடிஞ்சுபோச்சு” என்றான் மாரிச்செல்வம்.

அனுசியா பிள்ளையை வாங்கி இடது காதை மடக்கினாள். வெறும் தோல். மச்சம் இல்லை.

ஜெகதீஸ்வரியின் தோளில் மற்றவள் தூங்கிக்கொண்டிருந்தாள். கடைவாயில் துடைக்காமல் விட்ட நீலம் இழை மாதிரி இருந்தது.

“இது சின்னவ” என்றாள்.

“முழிச்சுட்டாள்னு நெனச்சு…” என்று மாரிச்செல்வம் பிள்ளையின் முகத்தைப் பார்த்தான். கன்னத்தில் பொட்டு இல்லை. அவன் என்ன செய்வான்?

அதற்குள் ஜெனரேட்டரை நிறுத்திவிட்டார்கள். விளக்குகள் அவிந்து கண்மாய்க்குள் இருட்டு ஏறியது. காமெராவைக் கழற்றிப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தார்கள். அஷ்வினியின் முகம் கறுத்துவிட்டது. “நாளைக்குக் காலையில முதல் ஷாட்டே பாப்பாதான். கூட்டிட்டு வந்துருங்கக்கா” என்றாள்.

மறுநாள் விடிந்ததும் போனார்கள். கண்மாய்க்கரையில் யாரும் இல்லை. நடிகைக்கு வேறு வேலை வந்துவிட்டதாம், மொத்தப் பேரும் ராத்திரியே கிளம்பிவிட்டார்களாம். காவலுக்கு இருந்தவர் சொன்னார். காகிதச் சுவர் காற்றில் படபடத்தது. சாப்பிட்டுப் போட்ட இலைகளை ஆடுகள் இழுத்துக்கொண்டிருந்தன. பெரியவள் அப்போது நன்றாக முழித்திருந்தாள்.

“போன்ல எடுத்துருவோம். இதுவும் காமெராதான?” என்றான் மாரிச்செல்வம்.

“அந்தக் காமெரா பாக்கணும்” என்றாள் அனுசியா.

ஆனாலும் எடுத்துப் பார்த்தான். சாவியை ஆட்டினான், ஆடு மாதிரிக் கத்தினான், தலையில் துண்டைப் போட்டு எடுத்தான். பெரியவள் அவனை உற்றுப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவள் இன்னும் சரியாகச் சிரிக்கத் தொடங்கியிருக்கவில்லை. முதலில் பிறந்தவள் எல்லாவற்றுக்கும் தாமதம். பக்கத்தில் கிடந்த சின்னவள்தான் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள்.

அன்றிலிருந்து பெரியவளை அனுசியா கண்ணை விட்டு அகலவிடவில்லை. கல்யாணத்துக்கு முன்னால் நூற்பாலையில் வேலை பார்த்தவள். எந்தக் காற்றுக்குப் பஞ்சு எப்படி அலையும் என்று தெரியும். தலையணையிலிருந்து ஒரு இழை பஞ்சை உருவி, தூங்குகிற பெரியவளின் மூக்குக்கு நேராகப் பிடிப்பாள். இழை உள்ளே வளைந்து வெளியே வளையும். அதைப் பார்த்தால்தான் அடுப்புக்கு எழுந்து போவாள். உலை கொதிப்பதற்குள் திரும்ப வருவாள். துணி துவைக்கும்போது இடுப்பில் அந்த இழை இருக்கும். மாரிச்செல்வம் சங்கரபாண்டியனுக்குப் போன் போட்டபடி இருந்தான். சென்னைக்கே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தால்கூட எடுத்துத் தருகிறோம் என்று அஷ்வினி சொன்னதாகச் சங்கரபாண்டியன் சொன்னான். வெயில் கொஞ்சம் தணியட்டும், கைப்பிள்ளையோடு அவ்வளவு தூரம் பஸ்ஸில் போக முடியாது என்று தள்ளிக்கொண்டே வந்தார்கள்.

“மதினி, சின்னவளையும் கொஞ்சம் தூக்கு. அவ ஒன்னய விட்டுட்டு எங்கூட வந்துருவா போலருக்கு” என்று ஜெகதீஸ்வரி கேலி செய்வாள்.

“அவளுக்கென்ன? அவ சிரிச்சு முடிச்சுட்டா” என்பாள் அனுசியா.

சித்திரை மாதத்து மத்தியானம். மாரிச்செல்வம் சாப்பிட வந்திருந்தான். பாயில் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் தூங்கினார்கள். அனுசியா சோற்றைப் போட்டு வைத்துவிட்டு வந்து பெரியவள் பக்கம் உட்கார்ந்து பஞ்சைப் பிடித்தாள். உள்ளே, வெளியே. உள்ளே, வெளியே. மனசு கொஞ்சம் ஆறியது. அவன் கை கழுவிவிட்டு வந்து, வண்டிக்குப் போகும் முன் சின்னவளைத் தூக்கிக் கொஞ்சுவதற்குக் குனிந்தான். அது தினமும் செய்வது. தூக்கினான்.

“அனுசியா” என்றான்.

அவன் கூப்பிட்ட விதத்தில் அவள் பஞ்சை விட்டுவிட்டாள். சின்னவளின் தலை அவன் முழங்கையில் ஒரு பக்கமாகத் தொங்கியது. வலது கன்னத்தில் பொட்டு கலையாமல் இருந்தது. அனுசியா உடனே அழவில்லை. முதலில் அந்த இடது காதை மடக்கிப் பார்த்தாள். பார்த்துவிட்டு, “இல்ல, இது சின்னவ. இவளுக்கு ஒண்ணும் வராது” என்றாள்.

அருப்புக்கோட்டை ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா வெகுநேரம் இவளோடு உட்கார்ந்திருந்தார். அனுசியா எல்லாவற்றையும் சொன்னாள். குடிசை, நீல உதடு, சிரிப்பு, பஞ்சு. அவர் கையைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னார். “நல்லா இருக்குற பிள்ளைக்கும் தூக்கத்துல சில நேரம் இப்படி நடந்துரும்மா. யாரும் செஞ்சதுல்ல. ரெண்டு மூக்குலயும் பஞ்சு பிடிச்சுப் பாத்திருந்தாலும் நிறுத்தியிருக்க முடியாது.” அனுசியா அதைக் கேட்டுக்கொண்டாள். நல்ல மனுஷி, பொய் சொல்ல மாட்டார் என்றும் தோன்றியது. ஆனால் அவர் அந்தச் சின்னத் திரையைப் பார்த்தவரில்லை.

துக்கத்துக்கு வந்தவர்கள் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். கண்ணேறு என்றார்கள், வெக்கை என்றார்கள். சங்கரபாண்டியன் வாசலுக்கு வெளியே மண்ணில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டான். யாரும் அவனை ஒன்றும் சொல்லவில்லை. உள்ளே வா என்றும் சொல்லவில்லை.

அனுசியா மனசில் ஓடியதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. குடிசையில் கிடந்தவளைத் தேடித்தான் அந்தச் சாவு வந்தது. அன்றைக்குப் பொட்டை அழித்திருந்ததால் அதற்கும் அடையாளம் தெரியவில்லை. பெற்ற தகப்பனுக்கே தெரியவில்லையே. முகத்தை மட்டும் பார்த்து வைத்துக்கொண்டு வந்தது, ஒரே முகம் இரண்டு கிடக்க ஒன்றைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. ஆள் மாறியது தெரிந்தால் திரும்ப வரும்.

மழைக்காலம் முடிந்து படம் வந்தது. அனுசியா போகவில்லை. மாரிச்செல்வம் யாரிடமும் சொல்லாமல் அருப்புக்கோட்டைக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தான். வெகுநேரம் ஆட்டோவிலேயே உட்கார்ந்திருந்துவிட்டுப் பிறகு உள்ளே வந்தான்.

“அந்த எடம் கொஞ்சம்தான் வருது. சின்னவ அழுவுறது வருது. பெறகு பெரியவ… பக்கத்து சீட்டுப் பொம்பள சேலைய வாயில வச்சுக்கிட்டு அழுதுச்சு.”

“சத்தம் இருந்துச்சா?”

“எது?”

“ஒப்பாரி.”

“தியேட்டரே அதிருது.”

அவள் தலையை ஆட்டினாள். அவன் சட்டைப் பையைத் தடவிக்கொண்டே நின்றான். பிறகு சொன்னான். “அந்த அஷ்வினிப் பொண்ணுக்கு நானே போன் பண்ணுனேன். சின்னவ சிரிச்சத மட்டும் அனுப்புவியாம்மான்னு கேட்டேன். அதெல்லாம் வச்சுக்கிறதில்லண்ணே, எடுத்ததோட அழிச்சுருவோம்னு சொல்லிட்டு அது அழுவுது.”

சிரித்தது அழிந்துவிட்டது. செத்துக் கிடப்பது இருக்கிறது. ஒவ்வொரு ஆட்டத்துக்கும், ஒவ்வொரு ஊரிலும், பெரியவள் மறுபடி மறுபடி அந்தப் பாயில் கிடப்பாள், இப்போது ஒப்பாரிச் சத்தமும் சேர்ந்து. அந்தச் சத்தம் எதன் காதிலும் விழாமலா இருக்கும்? பெரியவள் அப்போது தவழ்ந்து வந்து அவள் சேலையைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாள். சிரிக்கப் பழகியிருந்தாள். சின்னவளின் சிரிப்பேதான்.

மறுநாள் காலை குளிப்பாட்டித் துடைத்து மடியில் கிடத்திக்கொண்டு, அனுசியா மைக்கிண்ணத்தில் விரலை வைத்தாள். கொஞ்ச நேரம் விரலை எடுக்கவில்லை. பிறகு பொட்டை வலது கன்னத்தில் வைத்தாள். இவள் சின்னவள், தூக்கிக்கொண்டு போனது பெரியவளைத்தான், இங்கே தேட இனி யாரும் இல்லை என்று, பார்க்க வருவது எதுவானாலும் நினைத்துக்கொள்ளட்டும்.

வண்டிக்குக் கிளம்பிய மாரிச்செல்வம் பிள்ளையைக் கொஞ்சக் குனிந்தவன், கன்னத்தைப் பார்த்ததும் அப்படியே நின்றான். அனுசியாவைப் பார்த்தான். அவள் மைக்கிண்ணத்தை மூடினாள். அவன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டான். தெருவுக்கே கேட்கிற மாதிரி, “என்ன சின்னவளே, அப்பா போயிட்டு வாரேன்” என்றான்.

அன்றிலிருந்து அந்த வீட்டில் அவளுக்கு அதுதான் பெயர். பொட்டு வலது கன்னத்தில்தான். தினமும் வைப்பதற்கு முன்னால் அனுசியா இன்னமும் இடது காதை மடக்கிப் பார்க்கிறாள். கடுகு மாதிரி அந்த மச்சம் அங்கேயேதான் இருக்கிறது.